வளவில் காய்த்த முதற்காயைப் பிஞ்சிலேயே பறிக்கலாமா, முற்ற விடலாமா?

பறியுங்கள், யோசிக்கவே வேண்டாம். முதற்காய் என்றால் செடி முதன்முதலாகப் பிடிக்கிற காய், அவ்வளவுதான். வன்னியில் ஐப்பசி மழையோடு வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் ஊன்றிய வெண்டி ஏறக்குறைய 50 நாளில், கார்த்திகைக் கடைசியில் அதைத் தரும்.

காரணம் விதை. செடிக்கு வேண்டியது விதை, எங்களுக்கு வேண்டியது பிஞ்சு. காய்க்குள் விதை முற்றத் தொடங்கினால் செடி தன் சாப்பாட்டையெல்லாம் அதற்கே கொடுத்து, புதுப் பூ வைப்பதைக் குறைத்துவிடும். பிஞ்சிலே எடுத்துவிட்டால் விதைக்காகத் திரும்பத் திரும்பப் பூக்கும். மாடு மாதிரித்தான், கறக்கக் கறக்கச் சுரக்கும், கறக்காமல் விட்டால் மடி வற்றும்.

வெண்டி பூத்து ஐந்தாறு நாளில் நுனியை மடித்துப் பாருங்கள், டக்கென்று முறிந்தால் அதுதான் பதம், நாராக வளைந்தால் பிந்திவிட்டீர்கள். பயித்தங்காயும் விதை புடைக்க முதல் பறிக்க வேண்டியதுதான். பூசணி மட்டும் வேறு கதை, அது முற்றினால்தான் ருசி. அப்புறம், அந்த முதல் பிஞ்சு வெண்டியில் வைக்கிற பால்கறி, அதை நான் எதற்கும் மாற்ற மாட்டேன்.

பறித்தால் செடி களைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் செடியைக் களைக்க வைப்பது பறிக்காமல் விட்ட முற்றல் காய்தான்.