பத்து நாள் பயிற்சி: புரொபசரிடம் எப்படிக் கேட்பது?

தம்பி, திருச்சியில் பிஎச்.டி. முடித்துவிட்டு, இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சியாளராகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வருடத்துக்குப் பத்து நாள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எச்.ஆரிலிருந்து மெயில் வந்திருக்கிறது. அதைக் கேட்கப் போனால் புரொபசர் தப்பாக நினைப்பாரோ என்று தயங்குகிறீர்கள். எந்த கோர்ஸ் சான்றிதழுக்கு இங்கே மதிப்பு அதிகம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் போஸ்ட்டாக்காக வந்தவன்தான். இப்போது விரிவுரையாளராக, என் குழுவில் இருக்கிற போஸ்ட்டாக்குகளின் மெயில்களுக்குப் பதில் போடும் இடத்தில் இருக்கிறேன்.

தாராளமாக எடுங்கள். அந்தப் பத்து நாள் புரொபசர் மனது வைத்துத் தருகிற சலுகை இல்லை. ஆராய்ச்சியாளர்களின் பணி வளர்ச்சிக்கென்று பிரிட்டனில் ஓர் உடன்படிக்கை உண்டு. இங்கே எல்லோரும் 'கன்கார்டட்' என்பார்கள். 2019-ல் அதைத் திருத்தியபோது, வருடத்துக்குக் குறைந்தது பத்து நாள் என்று சேர்த்தார்கள். பகுதி நேர வேலை என்றால் அந்த விகிதத்தில் குறையும். அது சட்டம் கிடையாது, கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழகங்கள் கொடுத்திருக்கிற வாக்கு. உங்கள் புரொபசருக்கும் அதில் கடமை எழுதியிருக்கிறது. சட்டமும் ஓரளவு துணைக்கு இருக்கிறது. தற்காலிக ஒப்பந்தக்காரர் என்பதற்காக ஒருவரை நிரந்தர ஊழியரைவிடக் குறைவாக நடத்தக் கூடாது என்கிற 2002-ஆம் ஆண்டு விதிகள், பயிற்சி வாய்ப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன.

சொல்கிற விதத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். "தயவுகூர்ந்து அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்கிற நம் ஊர் நடையில் மெயில் போடாதீர்கள். படிக்கிறவருக்கு, ஏதோ பெரிய விதிவிலக்கு கேட்கிறான் போல, யோசித்துச் சொல்வோம் என்று தோன்றிவிடும். அடுத்த மாதம் இந்த இரண்டு நாள் காலையில் இந்தப் பயிற்சிக்குப் பதிந்திருக்கிறேன், அன்றைக்கு செல் கல்ச்சரை இன்னார் பார்த்துக்கொள்கிறார், இடைஞ்சல் இருந்தால் சொல்லுங்கள். இந்த மூன்று வரி போதும். எனக்கு இப்படி மெயில் வந்தால் ஒரு "சரி" போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) விண்ணப்பக் கெடு நெருங்கும்போது முறைக்கிற புரொபசர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அவர்களிடம் விவாதிக்காமல், எந்த மாதம் வசதி என்று கேட்டு அங்கேயே தேதியை வாங்கிவிடுங்கள். எப்போது கேட்டாலும் முடியாது என்றால் துறையின் போஸ்ட்டாக் பிரதிநிதியிடம் போகலாம்.

இன்னொன்று, வருடாந்திர அப்ரைசல் (பணி மதிப்பீட்டு) படிவம். அதில் உங்கள் வளர்ச்சிக்கு என்ன தேவை என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மவர்கள் அதைக் காலியாக விடுவார்கள், இல்லையென்றால் "ஒன்றுமில்லை" என்று எழுதுவார்கள். தெரியாததை எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நமக்கு எதிராகவே திரும்பும் என்ற பயம். இங்கே அந்தக் கட்டம் காலியாக இருந்தால் இந்த ஆளுக்கு முன்னேறுகிற எண்ணம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "கிராண்ட் பட்ஜெட் போடத் தெரியாது, அடுத்த விண்ணப்பம் எழுதும்போது கூட உட்கார வேண்டும்" என்று குறிப்பாக எழுதுங்கள். எழுத்தில் இருந்தால் ஆறு மாதம் கழித்து நினைவுபடுத்துவதும் சுலபம்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கல்லூரிகளில் எஃப்.டி.பி. எனும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கி வைத்திருப்போம். ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர் முடித்தால்தான் பதவி உயர்வு என்று யு.ஜி.சி. விதியே இருப்பதால் அது அங்கே நியாயம். இங்கே நேர்காணலில் அந்த ஃபைலை யாரும் திறக்கச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பயிற்சியில் கற்றதை எங்கே பயன்படுத்தினாய், ஒரு உதாரணம் சொல் என்பார்கள். அதனால் எண்ணிக்கைக்காக ஓடாதீர்கள். தீ விபத்து, தகவல் பாதுகாப்பு என்று சேர்ந்தவுடன் கம்ப்யூட்டரில் முடிக்கச் சொல்கிற கட்டாயப் பயிற்சிகளை அந்தப் பத்து நாளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. கிளிக் செய்து முடித்துவிட்டு மறந்துவிடலாம்.

சான்றிதழுக்கு இங்கே மதிப்பில்லை என்பதற்கு ஒரே விதிவிலக்கு, அட்வான்ஸ் எச்.இ. என்கிற பிரிட்டிஷ் உயர்கல்வி அமைப்பு தருகிற ஃபெலோஷிப். பேரைப் பார்த்து உதவித்தொகை என்று நினைத்துவிடாதீர்கள், பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதற்கான அங்கீகாரம் அது. நான்கு படிகள் உண்டு; போஸ்ட்டாக்குகளுக்கு ஏற்றது முதல் படியான அசோசியேட் ஃபெலோ. லேபில் மாணவர்களுக்கு டெமான்ஸ்ட்ரேஷன் செய்தாலே விண்ணப்பிக்க விஷயம் கிடைத்துவிடும். விரிவுரையாளர் வேலை விளம்பரங்களில் "ஃபெலோஷிப் இருக்க வேண்டும், அல்லது பெற முயல வேண்டும்" என்ற வரியை அடிக்கடி பார்ப்பீர்கள். நேரடியாக விண்ணப்பித்தால் கட்டணம். பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள்ளேயே அங்கீகாரம் பெற்ற திட்டம் நடத்துகின்றன, அதில் சேர்ந்தால் பொதுவாக உங்கள் கையிலிருந்து காசு போகாது. இப்போதிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எந்த வகுப்பில் மாணவர்கள் எங்கே திணறினார்கள், அடுத்த வாரம் நீங்கள் எதை மாற்றினீர்கள். விண்ணப்பத்துக்கு இந்தச் சின்ன விஷயங்கள்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ரைட்டிங் ரிட்ரீட். அங்கே யாரும் எதுவும் கற்றுத் தருவதில்லை, அதுதான் வேடிக்கை. ஓர் அறை, நீள மேசை. போனைப் பைக்குள் போடச் சொல்வார்கள். இன்றைக்கு எதை எழுதப் போகிறேன் என்று ஆளுக்கு ஒரு வரி. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கீபோர்டு சத்தம் மட்டும். டீ, பிஸ்கட், மறுபடியும் எழுத்து. சாயங்காலம் எவ்வளவு முடிந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அந்தக் கூச்சத்திலேயே மாதக்கணக்கில் இழுத்த கட்டுரை நகர்ந்துவிடும். பக்கத்து நாற்காலியில் வரலாற்றுத் துறைக்காரர் இருப்பார். நாள் முழுக்க லேபுக்குள்ளேயே கிடக்கிற நமக்கு வெளி ஆட்களோடு பழக அது நல்ல இடம்.

போஸ்ட்டாக்காக வருகிற எல்லோருக்கும் நிரந்தரப் பேராசிரியர் வேலை கிடைப்பதில்லை. ஆகவே பத்து நாளில் இரண்டு மூன்றையாவது வெளியுலகத்துக்கு ஒதுக்குங்கள். லிவர்பூல் பல்கலைக்கழகம் மான்செஸ்டர், லங்காஸ்டர் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து உருவாக்கிய 'ப்ராஸ்பர்' என்கிற இணையதளம் போஸ்ட்டாக்குகளுக்கென்றே செய்தது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் அதைத் திறக்கிறவர்கள்தான் அதிகம். நீங்கள் இரண்டாவது வருடத்திலேயே திறந்துவிடுங்கள்.

பணம், விசா பற்றிச் சுருக்கமாக. ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி போன்ற சங்கங்களின் உறுப்பினர் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டினால் அதற்கு வருமான வரியில் கழிவு கேட்கலாம். முந்தைய நான்கு வருடங்களுக்கும் சேர்த்துக் கேட்க முடியும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் படிக்கத் தடையில்லை. ஆனால் சில அறிவியல், பொறியியல் துறைகளில் முதுநிலைப் படிப்பில் சேர, வெளிநாட்டவர்கள் அரசிடம் முன்கூட்டியே வாங்க வேண்டிய ஏடாஸ் (ATAS) அனுமதி வேண்டும். உள் பயிற்சிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பத்து நாள் கணக்கு ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான். அலுவலகத்திலோ டெக்னீஷியனாகவோ வேலை பார்க்கிற நண்பர்கள் இருந்தால் வேறு வழி உண்டு. குறைந்தது 250 பேர் வேலை செய்கிற நிறுவனத்தில் 26 வாரம் முடித்த ஊழியருக்கு, பயிற்சிக்கு நேரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கச் சட்டப்படி உரிமை இருக்கிறது. சம்பளத்தோடு தர வேண்டும் என்ற கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லை, காரணம் காட்டி மறுக்கவும் செய்யலாம்.

முதல் வேலையாக, உங்கள் பல்கலைக்கழகத்தின் ஃபெலோஷிப் திட்டத்துக்கு அடுத்த பதிவு எப்போது என்று இந்த வாரமே பாருங்கள். சில இடங்களில் சீக்கிரம் நிரம்பிவிடும். இந்தப் பருவத்தில் லேப் வகுப்பு கொடுத்திருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் புரொபசரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.