ஜெர்சி சிட்டியா, பிளேனோவா, கொலம்பஸா?

மதிப்பிற்குரிய ஐயா,

ஓர் அமெரிக்க வங்கியின் சென்னை அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாக மென்பொருள் பிரிவில் பணியாற்றுகிறேன். வங்கி என்னை, ஒரே நிறுவனத்துக்குள் பணியாளரை இடம் மாற்றும் எல்-1பி விசாவில் அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவு செய்து, நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டி, டெக்சஸின் பிளேனோ, ஒஹையோவின் கொலம்பஸ் ஆகிய மூன்று அலுவலகங்களில் ஒன்றை இந்த மாத இறுதிக்குள் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது. சம்பளம் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே, ஆண்டுக்கு 1,20,000 டாலர். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, வாடகை குறைவு, கல்லூரி நண்பர்கள் சிலர் அங்கே வீடு வாங்கிவிட்டார்கள் என்பதால் என் மனம் பிளேனோ பக்கம் இருக்கிறது. மகளுக்கு நான்கு வயது. எஸ்ஏஎஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் மருந்துப் பரிசோதனைத் தரவுகளைக் கையாளும் நிரலாளராக ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய என் மனைவி, வேலையை விட்டுவிட்டு வரச் சம்மதித்துவிட்டார். தஞ்சையில் தனியாக இருக்கும் அம்மாவையும் அவ்வப்போது வரவழைக்க வேண்டும். பள்ளி, செலவு, தமிழ்ச் சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்த ஊர் நல்லது? நீங்கள் அங்கே நெடுங்காலம் வசித்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.
சென்னை

அன்புள்ள எஸ்.,

வரி, வாடகை, நண்பர்கள் ஆகியவற்றை எடைபோட்டிருக்கும் உங்கள் கடிதத்தில், மனைவியின் ஒன்பது ஆண்டு உழைப்பு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அவர் சென்னை வேலையை விட்டாக வேண்டும் என்பது உண்மை. அமெரிக்காவிலும் வேலையின்றி இருந்தாக வேண்டும் என்பது உண்மையல்ல.

நம்மவர்கள் பெரும்பாலும், அமெரிக்க முதலாளி நேரடியாக அமர்த்துபவருக்கான எச்-1பி விசாவை மனத்தில் வைத்துக்கொண்டே எல்லா விசாக்களையும் பேசுகிறார்கள். எச்-1பியில் செல்பவரின் மனைவி, கணவருடைய கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்படுவது போன்ற கட்டங்களைக் கடக்கும் வரை வேலை பார்க்க முடியாது. உங்கள் எல்-1பி அடங்கும் எல்-1 வகை அப்படியல்ல. 2021 நவம்பரில் ஏற்பட்ட ஒரு வழக்குத் தீர்வுக்குப் பிறகு, எல்-1 பணியாளரின் வாழ்க்கைத்துணைக்குத் தனியாக அனுமதி அட்டை கேட்டுக் காத்திருக்கும் தேவையும் இல்லாமல் போயிற்று. எல்-1 பணியாளரின் குடும்பத்தினருக்கான எல்-2 தகுதியோடு நாட்டுக்குள் நுழைந்தாலே எந்த முதலாளியிடமும், எந்தத் துறையிலும் அவர் வேலையில் சேரலாம். மாறாக, நீங்கள்தான் கட்டுண்டவர். எல்-1பி உங்களை அனுப்பிய நிறுவனத்தோடு பிணைந்தது, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கானது. எச்-1பியில் இருப்பவர் வேறு முதலாளியிடம் மாறுவதுபோல் நீங்கள் மாற முடியாது. மாற விரும்பினால் ஆண்டுதோறும் நடக்கும் எச்-1பி குலுக்கலில் பெயர் வர வேண்டும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பிளேனோ அடங்கிய டாலஸ் வட்டாரத்தில் உங்கள் தகுதிக்கு நூறு நிறுவனங்கள் இருந்தாலும் அவற்றால் உங்களுக்கு இப்போதைக்குப் பயனில்லை. எந்த ஊருக்குப் போனாலும் உங்களுக்கு ஒரே முதலாளிதான். ஊருக்கு ஊர் வாய்ப்பு வேறுபடுவது உங்கள் மனைவிக்கு மட்டுமே. ஆகவே அவருடைய தொழில் எங்கே செழித்திருக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அந்தத் தொழிலுக்கு நியூ ஜெர்சியை விடப் பொருத்தமான மாநிலங்கள் அமெரிக்காவில் மிகச் சிலவே. மருந்து நிறுவனங்களில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் தலைமையகம் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது, மெர்க் ராவேயில், பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் பிரின்ஸ்டனை ஒட்டி, நோவார்ட்டிஸின் அமெரிக்கத் தலைமையகம் ஈஸ்ட் ஹனோவரில். இவற்றைச் சுற்றி, மருந்துப் பரிசோதனைகளை நடத்தித் தரும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களும் ஆலோசனை நிறுவனங்களும் மண்டிக் கிடக்கின்றன. டாலஸ் வட்டாரத்தின் மெக்கெஸனும் கொலம்பஸ் வட்டாரத்தின் கார்டினல் ஹெல்த்தும் மாபெரும் நிறுவனங்கள்தாம்; ஆனால் அவற்றின் பிரதான வணிகம் மருந்தை விநியோகிப்பது, புதிய மருந்தைச் சோதித்து அனுமதிக்கு அனுப்புவதல்ல. உங்கள் மனைவியின் கைத்திறன் தேவைப்படுவது இரண்டாவது வேலைக்கு.

இன்னொன்றும் அவருக்குச் சாதகம். செவிலியரோ, பிசியோதெரபிஸ்டோ, மருந்தாளுநரோ அமெரிக்கா சென்றால் மாநில உரிமம், தேர்வு, சான்றிதழ் மதிப்பீடு என்று ஓரிரு ஆண்டுகள் கரைந்துவிடும். மருந்துத் தரவு நிரலாளருக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்குச் சமர்ப்பிக்கும் பரிசோதனைத் தரவுகள் சிடிஸ்க் எனும் பொதுத் தரவுத் தரத்தில் இருக்க வேண்டும் என்பது விதியாதலால், சென்னையில் அவர் இத்தனை காலம் எழுதிய நிரல்களும் பெரும்பாலும் அதே தரத்துக்கு உட்பட்டவையாகவே இருந்திருக்கும்.

எஸ்ஏஎஸ் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாமே, பிளேனோவில் இருந்துகொண்டு நியூ ஜெர்சி நிறுவனத்துக்கு எழுதலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். செய்பவர்கள் உண்டு. ஆனால் அமெரிக்க அனுபவம் இல்லாதவருக்கு, அதுவும் கணவரின் விசாவைச் சார்ந்து வந்தவருக்கு, முதல் வேலையை முகம் பார்க்காமல் கொடுக்கத் தயங்குவார்கள். முதல் வேலை கிடைத்து ஓராண்டு கழிந்த பிறகு வீட்டிலிருந்து பணி செய்வது எளிது.

இனி உங்கள் வரிக் கணக்குக்கு வருகிறேன். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்பது சரி. நியூ ஜெர்சியின் உச்ச விகிதம் 10.75 சதவீதம் என்று கேட்டுப் பலர் மிரள்கிறார்கள். அது பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டுபவர்களுக்கான விகிதம். கூட்டாகக் கணக்குக் காட்டும் தம்பதியர் 1,20,000 டாலருக்கு அங்கே செலுத்தும் மாநில வரி ஆண்டுக்கு 4,000 டாலருக்குள் அடங்கிவிடும். கொலம்பஸ் மலிவான ஊர் என்று பெயர் பெற்றது, ஆனால் ஒஹையோ மாநில வரிக்கு மேல் நகராட்சியே தனியாக 2.5 சதவீத வருமான வரி வசூலிக்கிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டெக்சஸ் விட்டுக்கொடுத்ததைச் சொத்து வரியில் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் வாடகைக்கு இருந்தாலும் அது வாடகைக்குள் ஒளிந்திருக்கும். இருந்தும் பிளேனோ வாடகை குறைவுதான், மறுக்கவில்லை. ஜெர்சி சிட்டியின் ஹட்சன் ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் அதே அளவு வீட்டுக்கு இருமடங்கோ அதற்கு மேலோ கேட்பார்கள்.

அதற்காகத்தான் ஜெர்சி சிட்டியில் வேலை பார்ப்பவர் அங்கேயே குடியிருக்க வேண்டியதில்லை என்கிறேன். வரைபடத்தில் நியூ ஜெர்சி டிரான்சிட்டின் வடகிழக்கு வழித்தட ரயிலைப் பாருங்கள். நியூவார்க், ராவே, மெட்ரோபார்க், மெட்டச்சன், எடிசன், நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ்டன் ஜங்ஷன் எல்லாம் ஒரே தடத்தில் வருகின்றன. எடிசன் பக்கம் வீடு எடுத்தால், நீங்கள் வடக்கே நியூவார்க் சென்று, நியூயார்க் வரை ஓடும் பாத் ரயிலில் மாறி ஜெர்சி சிட்டியை அடையலாம். மனைவிக்கு ராவேயோ நியூ பிரன்ஸ்விக்கோ அதே தடத்தில் சில நிலையங்கள். வீட்டுக்கு ஒரு கார் போதும். பிளேனோவில் டாலஸ் வட்டாரப் பொதுப் போக்குவரத்தான டார்ட் ரயில் ஓடுகிறது, ஆனால் பெருநிறுவன வளாகங்கள் பல அந்தத் தடத்திலிருந்து விலகியிருப்பதால் இரண்டு கார்கள் தவிர்க்க முடியாதவை. கொலம்பஸில் பயணிகள் ரயிலே கிடையாது. இரண்டாவது காரின் தவணையும் காப்பீடும் டெக்சஸில் மிச்சமாகும் வரியை விழுங்கிவிடும். கணக்கு அங்கேயே ஏறத்தாழச் சமமாகிறது; மனைவியின் சம்பளத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை.

மற்றவற்றில் அதிக வேறுபாடில்லை. மூன்று வட்டாரங்களிலும் நல்ல பள்ளி மாவட்டங்கள் உள்ளன. எந்த வீட்டு முகவரிக்கு எந்தப் பள்ளி என்பதை வாடகை ஒப்பந்தத்துக்கு முன் பாருங்கள், அவ்வளவே. ஐந்து வயதில் கிண்டர்கார்டன் தொடங்கும் வரை மகளின் பகல்நேரக் காப்பகத்துக்கு மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், நியூ ஜெர்சியில் அது கணிசமாகக் கூடும். கோவிலும், தமிழ்ப் பள்ளியும், இட்லி மாவும் மூன்று ஊர்களிலும் கிடைக்கின்றன. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானமே இல்லாததால் அம்மா எங்கே வந்தாலும் ஓரிடத்தில் மாற வேண்டும்; கொலம்பஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு இடங்களில். நியூ ஜெர்சிக் குளிரில் அவர் வெளியே நடமாட முடியாது என்பதால் மே முதல் அக்டோபர் வரை வரவழையுங்கள்.

நான் அங்கே கழித்த காலத்தின் பெரும்பகுதி டெக்சஸில்தான். அகன்ற சாலைகளையும் பெரிய வானத்தையும் இன்றும் விரும்புகிறேன். எனினும், தொழிலில் தேர்ந்த பெண்கள் அந்தப் பெரிய வீடுகளுக்குள், அடுத்த கடைக்குக்கூடக் கணவரின் காரை எதிர்பார்த்து, மூன்று நான்கு ஆண்டுகளைக் கடத்தியதையும் அங்கேதான் பார்த்தேன். அவர்களில் பலருக்கு விசா தடையாக இருந்தது. உங்கள் மனைவிக்கு அந்தத் தடை இல்லை.

நண்பர்களைப் பார்த்து வீடு மட்டும் வாங்கிவிடாதீர்கள். உங்கள் வேலை போனால் நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாட்கள்தான். மனைவியின் வேலை உரிமையும் உங்கள் தகுதியோடு முடிந்துவிடும். அவருடைய முதலாளி அவரை எச்-1பி குலுக்கலில் சேர்க்க முன்வந்தால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள், குடும்பத்துக்கு இரண்டாவது பிடிமானம் அது ஒன்றுதான்.

விமான நிலையத்தைக் கடந்ததும் இணையத்தில் உங்கள் மூவரின் நாட்டு நுழைவுப் பதிவுகளான ஐ-94 பதிவுகளையும் எடுத்துப் பாருங்கள். மனைவியின் பதிவில் எல்-2எஸ் என்றும் மகளுடையதில் எல்-2ஒய் என்றும் இருக்க வேண்டும். மனைவிக்கு வேறு குறியீடு பதிவாகியிருந்தால், வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் அலுவலகத்தில் அதைத் திருத்திவிடுங்கள்.