துளைக்குள் மட்டும் செம்பு ஏறவில்லை, ஏன்?

கேள்வி: இரண்டு பக்கமும் செம்புத் தகடு ஒட்டிய போர்டு வாங்கி வீட்டிலேயே சர்க்யூட் செய்கிறேன். இரண்டு பக்கத்தையும் இணைக்கத் துளை போட்டு மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் தொங்கவிட்டு கரன்ட் கொடுத்தால் மேலே அழகாகச் செம்பு படிகிறது, துளைக்குள் ஒட்டுவதே இல்லை. வோல்டேஜை ஏற்றிப் பார்த்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வோல்டேஜை ஏற்றுவதை முதலில் விடுங்கள். கரன்ட் பாயும் இடத்தில்தான் செம்பு படியும். உங்கள் துளையின் சுவர் கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்தது, அதில் கரன்ட் பாயவே பாயாது. தொழிற்சாலைகளில் பல்லேடியம் பூசி, அதன்மேல் கரன்ட் இல்லாமலே ரசாயன முறையில் மெல்லிய செம்புப் படலம் ஏற்றி, அப்புறம்தான் பிளேட்டிங் (கரன்ட் கொடுத்துச் செம்பு ஏற்றும்) தொட்டிக்கு அனுப்புகிறார்கள். அந்த ரசாயனத்தில் ஃபார்மால்டிஹைடு வரும், வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம்.

நமக்குச் சரிப்படுவது கார்பன் கலந்த கடத்தும் மை. போர்டின் மேல் மையைத் தேய்த்து எல்லாத் துளைகளுக்குள்ளும் இறக்கிவிட்டு, உடனே அடிப்பக்கமிருந்து வாக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள், சுவரில் மெல்லிய படலம் மட்டும் நிற்க வேண்டும், துளை அடைத்துக்கொண்டால் வேலை கெட்டது. நன்றாகக் காயவைத்து, மேலே படிந்த மையை நைசான உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். மல்டிமீட்டரை மேலும் கீழும் வைத்தால் கன்டினியூட்டி (இணைப்பு இருப்பதாக) காட்டும்தான், ஆனால் ஒரே ஒரு துளை சரியாக இருந்தாலே அது காட்டிவிடும், நம்பாதீர்கள். டார்ச் அடித்து ஒவ்வொரு துளையாகப் பாருங்கள், சுவர் முழுக்கக் கருப்பாக இருக்க வேண்டும், வெளிறிய கோடு தெரிந்தால் அந்த இடத்தில் செம்பு ஏறாது. பாதி வெற்றி இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

கரைசலில் மயில்துத்தம் குறைவாகவும் அமிலம் அதிகமாகவும் இருந்தால்தான் துளையின் நடுப்பகுதி வரை செம்பு போகும். லிட்டருக்கு 75 கிராம் மயில்துத்தம், 180 கிராம் கந்தக அமிலம் என்ற கணக்கு நன்றாக வரும். வயலுக்கு விற்கும் மயில்துத்தத்தில் கசடு இருக்கும், லேப் தரத்திலேயே வாங்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது.

போர்டின் இரண்டு பக்கமும் செம்புத் தகடு ஆனோடாக (பாசிட்டிவ் முனையாக) இருக்கட்டும். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் போதும், 10 x 8 செ.மீ. போர்டுக்கு இரு பக்கமும் சேர்த்து 3.2 ஆம்பியர். ஒரு மணி நேரத்தில் சுமார் 25 மைக்ரான் ஏறும். அவசரப்பட்டுக் கரன்டைக் கூட்டினால் துளையின் வாயில் தடித்து நடுவில் மெலிந்துவிடும். போர்டை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருங்கள்.

இன்னொன்று, வரிசை முக்கியம்: துளை, மை, பிளேட்டிங், கடைசியில்தான் எட்ச்சிங், அதாவது வேண்டாத செம்பை அரித்தெடுப்பது. அப்போது வேண்டிய செம்பை மூடிக் காக்க லேசர் பிரிண்டர் மையை ஒட்டும் டோனர் முறையில் துளை மூடாது, அரிக்கும் பெர்ரிக் குளோரைடு உள்ளே புகுந்து ஏற்றிய செம்பையெல்லாம் தின்றுவிடும். துளைமேல் கூடாரம்போல் மூடிக்கொள்ளும் டிரை ஃபிலிம் என்ற மெல்லிய படலத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்துப் பதினைந்து துளைதான் என்றால் இத்தனையும் தேவையில்லை. கம்பியைக் கோத்து இரண்டு பக்கமும் சால்டர் வையுங்கள், அதுவும் உழைக்கும்.

பழைய கரைசலைச் சாக்கடையில் விடாதீர்கள், செம்பு மீன்களுக்கு விஷம். சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரை அடங்கி நீலம் அடியில் படிந்ததும் வடிகட்டி, அந்தக் கசடைத் தனியாக மூடி வைத்து அபாயக் கழிவோடு கொடுங்கள்.