விமான நிறுவனத் தலைவரே ஒழுங்குமுறை அதிகாரி ஆனால்: கேள்வி பதில்

அமெரிக்காவில் விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.ஏ. அமைப்பின் தலைவராக பிரையன் பெட்ஃபோர்டு 2025 ஜூலையில் பொறுப்பேற்றார். அதற்கு முன் அவர் ரிபப்ளிக் ஏர்வேஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. இந்த நியமனத்தையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முரளி: விமானமே தெரியாத ஒருவர் வருவதைவிட, நிறுவனம் நடத்தியவர் வருவது நல்லதுதானே சார்?

நல்லதுதான். சட்டமே அதைத்தான் கேட்கிறது. எஃப்.ஏ.ஏ. தலைவராக வருபவருக்கு விமானத் துறையோடு நேரடித் தொடர்புள்ள அனுபவம் இருக்க வேண்டும். அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: பதவியில் இருப்பவருக்கு விமானத் தொழில் நிறுவனம் எதிலும் பங்கோ பத்திரமோ வேறு பண ஆதாயமோ இருக்கக் கூடாது. அனுபவம் வேண்டும், ஆதாயம் கூடாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே வருவதுதான் இதில் உள்ள சிக்கல். முப்பது வருடம் விமான நிறுவனம் நடத்தியவரிடம் அந்தத் துறையின் பங்கு இருக்கத்தான் செய்யும்.

கீதா: பங்கை விற்றுவிட்டால் முடிந்ததுதானே? ஏன் இத்தனை சத்தம்?

முதலில், விற்க வேண்டுமே! பதவி உறுதியான 90 நாளுக்குள் ரிபப்ளிக் பங்குகளை விற்றுவிடுவதாக பெட்ஃபோர்டு எழுதிக் கொடுத்திருந்தார். அவர் கணக்குக் காட்டிய மதிப்பு 60 லட்சம் டாலர் முதல் 3 கோடி டாலர் வரை. செனட் ஒப்புதல் ஜூலை 9 அன்று கிடைத்தது, அப்படியானால் கெடு அக்டோபர் தொடக்கத்தில் முடிகிறது. கெடு தாண்டியும் அவர் விற்கவில்லை என்று செனட்டர் மரியா கான்ட்வெல் டிசம்பரில் கேள்வி எழுப்பினார்.

அந்த இடைவெளியில் நடந்ததைப் பாருங்கள். ரிபப்ளிக் அப்போது பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத தனியார் நிறுவனம். 2025 நவம்பரில்தான் மேசா ஏர் நிறுவனத்தோடு இணைந்து சந்தைக்கு வந்தது. தனியார் பங்கை அவசரத்தில் விற்பது கஷ்டம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கஷ்டம் கையெழுத்துப் போடும்போதே தெரிந்ததுதான். இப்படிப் பதவிக்காகப் பங்கை விற்பவர்களுக்கு லாபத்தின் மேலான வரியைத் தள்ளிப்போடும் சலுகைகூட அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. அரசு அந்தளவுக்கு இறங்கி வரும்போது, சொன்ன தேதிக்குள் விற்பதை எதிர்பார்ப்பது அதிகமில்லை.

ஸ்டீபன்: பழைய கம்பெனி விஷயம் வந்தால் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறதே?

இருக்கிறது. என் கவலையே அந்த விதி எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்க அரசு ஊழியர் ஒழுக்க விதிப்படி, முன்பு வேலை பார்த்த நிறுவனம் ஒரு தரப்பாக உள்ள குறிப்பிட்ட விவகாரத்திலிருந்து ஒரு வருடம் விலகி இருக்க வேண்டும். ரிபப்ளிக் மீது அபராதம், ரிபப்ளிக் கேட்கும் விதிவிலக்கு போன்றவை இதில் வரும். ஆனால் மொத்தத் துறைக்கும் பொருந்தும் பொது விதி இதில் வராது. அப்புறம் இன்னொரு குற்றவியல் சட்டம் இருக்கிறது, அது பொது விதிகள் பலவற்றையும் பிடிக்கும். ஆனால் அது செல்லுபடியாவது கையில் பங்கு இருக்கும்வரைதான். பங்கை விற்றதும், பழைய நிறுவனத்துக்குப் பெரிய லாபம் தரக்கூடிய பொது விதியில் கையெழுத்துப் போட எந்தத் தடையும் இல்லை. சின்ன விஷயத்துக்கு வேலி, பெரிய விஷயத்துக்குத் திறந்த வாசல்.

இதற்கு 1,500 மணி நேர விதியைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகர் அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 எண் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் தரையில் வீட்டில் இருந்தவர். குடும்பத்தினர் விடாமல் போராடியதில் 2010இல் சட்டம் வந்தது: பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். ராணுவ விமானிகளுக்கு 750 போதும், விமானப் பட்டம் படித்தவர்களுக்கு 1,000. ரிபப்ளிக் போன்ற, குறுகிய தூரம் பறக்கும் பிராந்திய நிறுவனங்களுக்குத்தான் இது அதிகம் வலிக்கிறது. புது விமானிகள் முதலில் சேருவது அங்கேதான்.

2022இல் ரிபப்ளிக், தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களுக்கு 750 மணி நேரம் போதும் என்று விலக்கு கேட்டது. எஃப்.ஏ.ஏ. செப்டம்பரில் மறுத்துவிட்டது. அப்போது கேட்ட நிறுவனத்தின் தலைவர் பெட்ஃபோர்டு. இன்று பதில் சொல்லும் நாற்காலியில் இருப்பவரும் அவர்தான். பாதுகாப்பு கூடும் என்று கருதினால், குறிப்பிட்ட படிப்புகளை இந்த மணிக்கணக்கில் கழித்துக்கொள்ளும் அதிகாரத்தை 2010 சட்டம் எஃப்.ஏ.ஏ. தலைவருக்கே தருகிறது. 2025 ஜூன் செனட் விசாரணையில் இந்த விதியை அப்படியே காப்பதாக உறுதி கொடுக்கும்படி கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை.

நிஷா: அந்த கோல்கன் விமானிகள் இருவருக்கும் 1,500 மணிக்கு மேல் அனுபவம் இருந்ததே. பெட்ஃபோர்டு சொல்வதில் நியாயம் இருக்கலாம் அல்லவா?

இருக்கலாம். இருவருக்குமே 2,000 மணி நேரத்துக்கு மேல் இருந்தது, அது உண்மை. தரமான சிமுலேட்டர் பயிற்சி வெறும் மணிக்கணக்கைவிட மேல் என்று சொல்லும் நிபுணர்கள் இருக்கிறார்கள். நான் அந்த வாதத்தை ஒதுக்கவில்லை. ஆனால் அதன்மேல் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதே வழக்கில் மனு போட்டவராக இருக்கக் கூடாது. நாளைக்கு அவர் எடுப்பது சரியான முடிவாகவே இருந்தாலும், உறவினரை இழந்தவர்கள் அதை நம்புவார்களா?

அருள்: இதற்கு முன்பும் விமான நிறுவன ஆட்கள் எஃப்.ஏ.ஏ.வுக்கு வந்திருக்கிறார்களா?

நிறைய. ரிபப்ளிக்கின் மனுவை மறுத்தபோது தற்காலிகத் தலைவராக இருந்த பில்லி நோலனே வெஸ்ட்ஜெட், குவாண்டாஸ் நிறுவனங்களில் இருந்தவர்தான். அதனால்தான் ஆள் எங்கிருந்து வந்தார் என்பதை மட்டும் வைத்து நான் முடிவு கட்டுவதில்லை.

2019இல் எஃப்.ஏ.ஏ. தலைவராக வந்த ஸ்டீவ் டிக்சன், முன்பு டெல்டா விமான நிறுவனத்தின் விமான இயக்கப் பிரிவுத் தலைவர். இரண்டு விபத்துகளுக்குப் பின் பறக்கத் தடை விதிக்கப்பட்ட போயிங் 737 மேக்ஸ் விவகாரத்தில் அவசரப்பட மறுத்தார், தானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் 2020 நவம்பரில் தடையை நீக்கினார். ஆனால் டெல்டாவில் பாதுகாப்புக் குறைகளை எழுப்பிய ஒரு பெண் விமானி மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட வழக்கில் டிக்சனும் சாட்சியம் அளித்திருந்தார். அதை அவர் செனட்டுக்குக் கொடுத்த படிவத்தில் குறிப்பிடவில்லை. பிறகு தீர்ப்பு அந்த விமானிக்குச் சாதகமாக வந்தது. பங்குக் கணக்கைப் பார்த்தால் மட்டும் இதெல்லாம் தெரியாது.

தீபன்: தலைவர் ஒருவர் மாறினால் கீழே வேலை செய்யும் ஆய்வாளர்களின் போக்கு மாறிவிடுமா?

மாறும். 2003இல் எஃப்.ஏ.ஏ. தலைமை விமான நிறுவனங்களை ‘வாடிக்கையாளர்’ என்று நடத்தும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சில வருடத்தில் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தின் 46 விமானங்கள் உடற்பகுதி விரிசல் சோதனை செய்யாமலே பறந்துகொண்டிருந்தன. எஃப்.ஏ.ஏ. மேற்பார்வையாளர் ஒருவர் அதை அனுமதித்தார். கீழ்நிலை ஆய்வாளர்கள் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன பிறகுதான் 2008இல் விஷயம் வெளியே வந்தது. அதன் பிறகு, எஃப்.ஏ.ஏ. ஆய்வாளர் தான் கண்காணித்த நிறுவனத்தில் சேர்ந்தால் இரண்டு வருடத்துக்கு எஃப்.ஏ.ஏ. முன் அந்த நிறுவனத்தின் சார்பில் பேசக் கூடாது என்று விதி வந்தது.

கீதா: மறுபடியும் நான்தான். நீங்களாக இருந்தால் என்ன மாற்றுவீர்கள்?

பங்கை விற்ற பிறகே பதவியேற்பு. பழைய நிறுவனம் முன்பு கேட்டுத் தோற்ற எந்தச் சலுகையும், அது பொது விதி என்ற பெயரில் திரும்பி வந்தாலும், தலைவர் தொடாமல் வேறு அதிகாரி முடிவெடுக்க வேண்டும். ஒரு வருடம் போதாது, பதவிக்காலமான ஐந்து வருடமும். எதிலிருந்தெல்லாம் ஒதுங்கினார் என்ற பட்டியல் இணையத்தில் இருக்க வேண்டும்.

முரளி: சாதாரண ஆளால் எதுவும் செய்ய முடியுமா?

முடியும். விதி மாற்றத்தை முன்மொழியும்போது எஃப்.ஏ.ஏ. பொதுவாக அதை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். கருத்து அனுப்ப அமெரிக்கக் குடியுரிமை வேண்டியதில்லை. 1,500 மணி விதியில் கை வைக்கும் முன்மொழிவு வந்தால், யார் கேட்டு வந்தது, யாருக்கு லாபம் என்று பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். முக்கியமான கருத்துகளுக்கு இறுதி விதியில் அவர்கள் பதில் தந்தே ஆக வேண்டும்.