கொரோனா ஊரடங்கு நீலகிரியின் எல்லாத் தொழில்களையும் ஒரேபோல் முடக்கியதா?

இல்லை. ஒரே மலையில் டாக்சிக்காரர் வண்டியை அடகு வைத்தார்; பசுந்தேயிலை விற்றவர் பழைய கடனை அடைத்தார்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது, சீசனுக்குச் சற்று முன்பு. ஏப்ரல், மே வருமானத்தை வைத்துத்தான் ஊட்டி விடுதிக்காரரும் வர்க்கி விற்பவரும் மழைக்காலத்தை ஓட்டுவார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. மலை ரயிலும் பல மாதங்கள் நின்றது. நேற்று காலியாகக் கிடந்த அறையை இன்று சேர்த்து விற்க முடியாதே!

தேயிலையின் கதை வேறு. அஸ்ஸாமில் ஊரடங்கால் பறிப்பு தடைபட்டு, நாடு முழுவதும் தேயிலை வரத்து குறைந்தது. வீட்டில் அடைபட்டவர்களோ டீ குடிப்பதை நிறுத்தவில்லை. குன்னூர் ஏலத்தில் விலை ஏறியது. சிறு விவசாயிக்கும் அதில் பங்கு கிடைத்தது. (அந்த விலை நிலைக்கவில்லை என்பது தனிச் சோகம்.)

காய்கறியிலும் இரண்டு சாதி உண்டு. கேரட்டும் உருளைக்கிழங்கும் எப்படியோ மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர்ந்தன. புரோக்கோலி நட்சத்திர ஓட்டல்களை நம்பிய பயிர். ஓட்டல் மூடினால் கேட்க ஆளில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு வயலில் வெட்டுக்கூலிகூடத் தேறாதென்று விட்டுவிட்டார்கள். வெட்டாத புரோக்கோலியின் மொட்டுகள் விரிந்து, மே மாதம் வயல் முழுக்க மஞ்சள் பூ.