பாட்டு எப்பம் தொடங்கும்?

அன்புள்ள அண்ணனுக்கு,

வில்லிசை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த பிறகுதான் இதை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. எனக்குத் தக்கலை பக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பங்க் (வேகமும் சத்தமுமான ராக் இசை) குழு நடத்துகிறோம். எல்லாமே சொந்தப் பாட்டு, பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் கடற்கரை ஊர் ஒன்றில் கிளப் ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். குடில் போட்டிப் பரிசளிப்புக்கும் டான்ஸ் நிகழ்ச்சிக்கும் நடுவில் எங்களுக்கு அரைமணி நேரம். இரண்டு பாட்டு முடிந்ததும் கமிட்டிப் பெரியவர் ஒருவர் மேடையோரம் வந்து, "மக்கா, மைக் டெஸ்டிங் முடிஞ்சா? பாட்டு எப்பம் தொடங்கும்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை அண்ணா, உண்மையாகவே கேட்டார். மூன்றாவது பாட்டில் மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று ஷாக் அடித்தது. அதற்குள் கீழே சினிமாப் பாட்டு கேட்டுக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று டிரம்மில் வந்து விழுந்தது. ஐந்தாவது பாட்டுக்கு நடுவிலேயே மைக்கை அணைத்துவிட்டு டான்ஸ்காரர்களைக் கூப்பிட்டார்கள். வண்டி வாடகையும் சாப்பாடுமாகக் கைக்காசு 4,000 ரூபாய் போயிற்று.

அதற்கு முந்தின மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு நண்பன் வீட்டு மொட்டைமாடியில் இருபது பேருக்கு முன்னால் வாசித்தோம். எல்லாரும் கூடவே பாடினார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதே நான்கு பேர், அதே பாட்டுகள். இதில் எதை நம்புவது? டிரம்மர் மார்ச்சில் கல்ஃபுக்குப் போகிறான். மற்ற இருவரும் பெங்களூருக்குப் போய்விடலாம் என்கிறார்கள். நம்ம ஊரில் இது எடுபடாது என்று ஒத்துக்கொண்டு கிளம்புவதுதான் சரியா?

(பெயர் வேண்டாம்)
தக்கலை

அன்புள்ள தம்பி,

மொட்டைமாடியை நம்புங்கள். பங்க் நிகழ்ச்சி என்பது அங்கே நடந்ததுதான். ஆண்டுவிழாவில் நீங்கள் ஏறியது வேறொன்றுக்காகப் போட்ட மேடை. அன்றைய தோல்வியைப் பாட்டின் கணக்கில் எழுத வேண்டாம்.

முதலில் அந்த ஷாக். மற்றதெல்லாம் பிறகு. கிட்டாரின் கம்பிகள் கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். மைக்கின் உலோக வலை மைக் செட்டின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரண்டுக்கும் வேறு வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுத்து, ஒன்றில் எர்த் சரியில்லாமல் போனால், கையில் கம்பியும் உதட்டில் மைக்குமாக நிற்கிற பாடகனின் உடம்பு வழியாகத்தான் மின்சாரம் பாயும். 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரத்து மேடையில் லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்துபோனார். நம் கடற்கரையில் உப்புக்காற்று பட்டு பிளக்கும் சாக்கெட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடிக்காமலே பல இடங்களில் ஓட்டுகிறார்கள். இனிமேல் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும் மைக் செட்டின் மிக்ஸரும் ஒரே போர்டிலிருந்துதான் கரண்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வாங்கிப் பையில் வையுங்கள். வாசிக்கும் முன் அதன் ஒரு முனையை மைக் வலையிலும் மறுமுனையைக் கிட்டார் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். வோல்ட் காட்டினால் சரிசெய்யும்வரை வாசிக்காதீர்கள். கமிட்டி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி அந்தப் பெரியவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் காதில் என்ன விழுந்திருக்கும் என்று யோசியுங்கள். திருவிழா மேடை ஆள் உயரம் இருக்கும். அதற்கும் முதல் வரிசை நாற்காலிக்கும் நடுவில் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். மைக் செட் கட்டியிருப்பது அறிவிப்புக்கும், டிராக் (பதிவுசெய்த பின்னணி இசை) போட்டுப் பாடும் பாட்டுக்கும். டிஸ்டார்ஷன் ஏற்றிக் கரகரப்பாக்கிய கிட்டாரின் ஒலி, மனிதக் குரல் இருக்கிற அதே அலைவரிசையில்தான் போய் உட்காரும். கிட்டாரைக் கூட்டக் கூட்டக் குரல் அமுங்கிவிடும். சினிமாப் பாட்டு என்றால் சொல் கேட்காவிட்டாலும் பாதகமில்லை, ஜனங்களுக்கு அது ஏற்கெனவே மனப்பாடம். உங்கள் பாட்டையோ அவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறார்கள். அதில் சொல்லும் போய்விட்டால் கையில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? கேட்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுந்து வந்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த நிகழ்ச்சிக்கு அவரை நேரில் போய்க் கூப்பிடுங்கள்.

பங்க் கிட்டத்தில் நிற்கும்போதுதான் பிடிபடும். முகம் தெரிய வேண்டும், பாடுகிறவன் மூச்சு வாங்குவது தெரிய வேண்டும். பாட்டு இரண்டு நிமிடம்தான். அதற்குள் எதிரில் நிற்கிறவர் உள்ளே வந்துவிட வேண்டும். ராமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் குழுவின் 1976-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள், எல்லாம் சேர்த்தே 29 நிமிடம். அந்த வேகத்தைத் திறந்த மைதானத்தில் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களிடம் கொண்டுசேர்ப்பது பெரிய குழுக்களுக்கே கஷ்டம்.

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் நான் ஒரு பங்க் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். அதில் பாதிப்பேர் நம்ம மாவட்டத்துப் பையன்கள். வாடகை வீடுகளைப் பற்றி எங்களுக்கு ஒரு பாட்டு இருந்தது. "வாசலும் வாடகை" என்று திரும்பத் திரும்ப வரும். ஒருநாள் ஒரு சின்ன அறையில் வாசிக்கும்போது முன்னால் நின்ற பையன் ஒருவன் எங்களைவிடச் சத்தமாக "வாயும் வாடகை, வாயும் வாடகை" என்று பாடிக்கொண்டிருந்தான். அவன் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. சத்தம் போடாதே, ஆள் கூட்டாதே என்று ஹவுஸ் ஓனரிடம் தினமும் கேட்டு வளர்ந்தவனாக இருக்க வேண்டும். எங்கள் பாடகன் அவனைப் பார்த்தான், மைக்கை அவன் பக்கம் நீட்டினான், அறை முழுவதும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு அந்தப் பாட்டை நாங்கள் அப்படியேதான் பாடினோம். எழுதியபோது அந்தப் பாட்டுக்கு என்ன குறை என்று எங்களுக்குத் தெரியவில்லை, கேட்டவன் நிரப்பிக் கொடுத்தான். எத்தனை மோசமான இரவுகளையும் தாங்கும் சக்தி எனக்கு அந்த ஒரு நிமிடத்திலிருந்து கிடைத்தது. நீங்கள் மொட்டைமாடியிலிருந்து இறங்கித் தூங்க முடியாமல் கிடந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அதே பெங்களூரில் வேறு பல இரவுகளும் உண்டு. எதிரில் நின்றவர்கள் அடுத்து வாசிக்க வேண்டிய குழுக்காரர்கள் மட்டும்தான். கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் விரலையும் ஆம்ப்ளிஃபையரையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் முறை வரும்போது நாங்களும் அப்படி நிற்போம். அதனால் பெங்களூர் போனால் ரசிகர்கள் காத்திருப்பார்கள் என்று நினைத்துக் கிளம்ப வேண்டாம். வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அது வேறு விஷயம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1976 ஜூன் 4 அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு மாணவர்கள் லண்டன் பக்கம் போய் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவைப் பார்த்தார்கள். இவர்கள் நம் ஊருக்கும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். கூப்பிட ஆள் இல்லை. தாங்களே லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற சிறிய அரங்கை வாடகைக்குப் பிடித்து, டிக்கெட் போட்டு நடத்தினார்கள். அவர்களுடைய சொந்தக் குழுவான பஸ்காக்ஸ் அன்றைக்கு மேடையேறும் அளவுக்குத் தயாராகவில்லை. வந்தவர்கள் சுமார் நாற்பது பேர் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த நாற்பதில் பீட்டர் ஹூக் இருந்தார். மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். அவரும் கூட வந்திருந்த பெர்னார்ட் சம்னரும் பின்னால் ஜாய் டிவிஷன் குழுவைத் தொடங்கினார்கள். பிறகு ஸ்மித்ஸ் குழுவில் பாடிய மோரிஸ்ஸியும் அங்கே இருந்தார். ஜூலை 20-இல் அதே அரங்கில் இரண்டாவது நிகழ்ச்சி. அதில் பஸ்காக்ஸும் வாசித்தார்கள்.

இதில் செக்ஸ் பிஸ்டல்ஸைவிட எனக்கு முக்கியம் அந்த இரண்டு மாணவர்கள்தான். ஊரில் மேடை இல்லை, அவர்கள் போட்டார்கள். உங்கள் இருபது பேரும் அப்படித்தான் சேர்ந்தார்கள்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. கோயில் கொடை விழாவில் வில்லிசை கேட்டவர்களுக்குத் தெரியும். பாடுகிறவருக்குப் பக்கத்திலிருந்தே ஒருவர் "ஆமா" போட்டு வரியை வாங்கிக்கொள்வார், வாங்கித் திருப்பிக் கொடுப்பார். உடுக்கையும் குடமும் ஏறும்போது முன்னால் உட்கார்ந்திருக்கும் உடம்புகள் தாமாக அசையும். நடுச்சாமத்தில் பந்தலில் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள், சாமி கதை பாதியில் நிற்காது. ஒரு வரியைத் தூக்கிப் போட்டால் திருப்பிப் போடத் தெரிந்த ஜனங்கள் இவர்கள். நீங்கள் பாதிப் பாட்டை இங்கிலீஷில் பாடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதியையும் வீட்டில் பேசுகிற பேச்சில் எழுதிப் பாருங்களேன். "லே", "மக்கா", "என்னவாக்கும்" எல்லாம் வரட்டும். பங்கில் கூட்டமாகச் சேர்ந்து கத்துகிற வரி ஒன்று எப்போதும் இருக்கும். அது நம் நாக்கில் இருந்தால் இரண்டாம் முறை வரும்போதே சேர்ந்துகொள்வார்கள்.

சரி, இடம் எங்கே? மூடிக் கிடக்கிற அண்டி ஆபீஸ் (வெளியூர் வாசகர்களுக்கு: முந்திரித் தொழிற்சாலை) எத்தனை இருக்கிறது உங்கள் பக்கம். குலசேகரம் பக்கம் போனால் ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைகள். ஊர்ப் படிப்பகங்கள். உடைமைக்காரரைப் பார்த்துப் பேசி ஒரு சாயங்காலத்துக்குக் கேளுங்கள். தகரக் கூரைக்குக் கீழே டிரம் சத்தம் எதிரொலித்துக் கொல்லும். சுவரில் சாக்கும் பழைய பாயும் தொங்கவிட்டால் பெருமளவு அடங்கும். குரலுக்கு மட்டும் மைக் போதும். முதலில் குரலை ஏற்றுங்கள், அது தெளிவாகக் கேட்கிற அளவுக்குக் கிட்டாரை இறக்குங்கள். ஸ்பீக்கர் வைக்கக் காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை. உங்களுக்கு அதுவரை போக வேண்டிய தேவையே இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்தால் எல்லாருக்கும் பஸ் கிடைக்கும். பெண்பிள்ளைகள் வர வேண்டும் என்றால் இந்த நேரம்தான் சரி. வாஷிங்டனின் ஃபுகாஸி என்ற பங்க் குழு டிக்கெட்டைப் பெரும்பாலும் ஐந்து டாலருக்கு மேல் ஏற்றவில்லை, எந்த வயதுக்காரரும் வரலாம் என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டத்தில் ஒருவன் மற்றவர்களை இடித்துக் காயப்படுத்தினால் பாட்டை நிறுத்தி, காசைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்தக் கண்டிப்பு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் மோசமான நாட்கள் வரும். பாட்டில் எறிந்தார்கள் என்று வருந்தியிருக்கிறீர்கள். பங்க் தொடங்கிய காலத்து லண்டனில் குழுவை ரசித்தவர்களே மேடையைப் பார்த்துத் துப்பினார்கள், வாசித்தவர்கள் அருவருத்துப்போனார்கள். ராமோன்ஸ் 1974-இலிருந்து 1996 வரை 2,263 நிகழ்ச்சிகள் வாசித்தார்கள். அமெரிக்காவின் முதல் நாற்பது பாட்டுகள் பட்டியலில் அவர்களுடைய பாட்டு ஒன்றுகூட ஏறியதில்லை. கம்பி அறுவது, மழை வருவது, கரண்ட் போவது எல்லாம் அத்தனை வருடங்களில் எத்தனை முறை நடந்திருக்கும்! வாசித்துக்கொண்டே இருந்ததால்தான் இன்றைக்கு மார்த்தாண்டத்து மொட்டைமாடிவரை அந்தச் சத்தம் வந்திருக்கிறது.

காதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், 100 டெசிபெலில் கால்மணி நேரம்தான். மூடிய கொட்டகையில் டிரம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். மருந்துக்கடையில் கிடைக்கிற காதடைப்பான் போதும். வருகிறவர்களுக்கும் வாசலில் கொடுங்கள்.

டிரம்மர் போகட்டும். வீட்டுச் சூழ்நிலை அப்படி, கல்ஃபுக்குப் போகாத குடும்பம் நம்மிடம் எத்தனை இருக்கிறது? சர்ச் கோயரில் (பாடகர் குழுவில்) வாசிக்கிற பிள்ளைகளில் டிரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர். போவதற்குள் எல்லாப் பாட்டையும் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். பங்க் பாட்டுக்குச் சில வாரங்கள் போதும். அவன் கிளம்பும் முன்னால் பிப்ரவரியில் ஒரு நிகழ்ச்சி வையுங்கள், மழைத் தொந்தரவு இருக்காது. பழைய டிரம்மர் பாதி, புதியவன் பாதி வாசிக்கட்டும். இடமும் தேதியும் முடிவானதும் எனக்கு எழுதுங்கள், இந்தத் தளத்திலேயே அறிவிக்கிறேன். மல்டிமீட்டர் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்