ஸ்டெம் செல் டிப்ளமோவுக்கு ஒன்றே முக்கால் லட்சம்: கட்டலாமா?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறாள். வயது 23. தசை, ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று ஒரே பிடிவாதம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்கவில்லை, ‘பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி’ என்று வந்திருக்கிறது. புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் ஆறு மாத ஸ்டெம் செல் டிப்ளமோவுக்கு ரூ.1.75 லட்சம் கேட்கிறார்கள். அது இருந்தால்தான் பெரிய ஆய்வுக்கூடங்களில் சேர்ப்பார்களாம். இரண்டு ஆய்வுக் கட்டுரை போட்டுத் தருவார்களாம், வேலைக்கும் உத்தரவாதமாம். இடம் போய்விடக் கூடாது என்று ரூ.5,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: வைக்காதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

கோழிக் கருவையும் எலியின் தசையையும் பார்த்தே முடி நரைத்தவன் நான். ஆய்வு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். இப்படிப்பட்ட டிப்ளமோவைப் பார்த்து யாரையும் எடுத்ததாக நினைவில்லை. பளபளவென்று அச்சடித்த அந்தச் சான்றிதழ் விண்ணப்பத்தோடு வந்தால், ‘பாவம், யாரிடமோ மாட்டியிருக்கிறது பிள்ளை’ என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். எங்கள் துறையில் ஆராய்ச்சிக்கு வருகிறவர் சம்பளம் வாங்குகிறவர். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழிந்தால் 42,000. உங்களிடம் கை நீட்டுகிறவர் ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறவர் அல்லர், வாடிக்கையாளர் தேடுகிறவர்.

இப்படி ஓர் இடத்துக்கு ஒருமுறை நானே போயிருக்கிறேன். உறவுக்காரப் பையன் சேர வேண்டும் என்றதால் துணைக்குப் போனேன். நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. ஏ.சி. அறை, சுவர் முழுக்க வண்ணப் படங்கள். ‘ஸ்டெம் செல் லேப்’ என்று காட்டிய அறையில் செல் வளர்க்கும் இன்குபேட்டர் ஒன்று இருந்தது. குனிந்து பார்த்தேன். அதற்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும் சிலிண்டரே இணைக்கப்படவில்லை. உள்ளே தட்டும் இல்லை, செல்லும் இல்லை. யாரோ ஒருவருடைய தண்ணீர் பாட்டில் இருந்தது.

உங்கள் மகள் அந்த அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “ஞாயிற்றுக்கிழமை செல்லுக்கு மீடியம் மாற்றுவது யார்?” இது குதர்க்கமான கேள்வி இல்லை. வளர்ப்பில் இருக்கும் செல்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது மீடியம் என்ற தீனித் திரவத்தை மாற்ற வேண்டும். ரோஜா நிறத் திரவம் மஞ்சளாகிவிட்டால் அமிலம் ஏறிவிட்டது என்று அர்த்தம். தீபாவளி என்றாலும் புயல் என்றாலும் யாராவது வந்தாக வேண்டும். உண்மையாக ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர் இந்தக் கேள்விக்குப் பெருமூச்சோடு ஒரு பெயரைச் சொல்வார். கடை வைத்திருப்பவர் விழிப்பார்.

‘வேலை உத்தரவாதம்’ என்பதையும் உடைத்துப் பார்த்துவிடுவோம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அப்படிக் கிடைத்த வேலையின் பெயர் ‘ஸ்டெம் செல் ஆலோசகர்’. மருத்துவமனை வாசலில் கர்ப்பிணிகளைப் பிடித்து, குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமிக்கச் சொல்லி மசிய வைப்பதுதான் அந்த ஆலோசனை. இன்னொரு பையனை ஒரு கிளினிக்கில் சேர்த்துவிட்டார்கள். அங்கே தசைச் சிதைவு நோய் வந்த சிறுவர்களின் பெற்றோரிடம் ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கறந்துகொண்டிருந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் இதில் தெளிவாக இருக்கின்றன: ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை வழியாகச் செய்யும் சிகிச்சையைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் ஆய்வு நிலையில்தான், முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது, காசும் வாங்கக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. டுஷேன் தசைச் சிதைவுக்குக் காரணம் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாமை என்று கண்டுபிடித்தது 1987இல். இத்தனை ஆண்டு உலகமே முட்டி மோதியும் முழுதாகக் குணமாக்க முடியாத நோயை மாடியறைக் கிளினிக் குணமாக்கும் என்றால், எங்களுக்கெல்லாம் எதற்குச் சம்பளம்?

அடுத்தது அந்த இரண்டு கட்டுரைகள். காசு வாங்கிக்கொண்டு பெயர் போட்டுத் தரும் இதழ்கள் ஈசல்போலக் கிளம்பியிருக்கின்றன. பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறை எடுத்துவிட்டது. சேருவதற்கு முன்பு எதற்குக் கட்டுரை? ‘யூ.ஜி.சி. கேர் பட்டியலில் உள்ள இதழ்’ என்று இன்னமும் சிலர் விளம்பரம் செய்கிறார்கள். தரமான இதழ்கள் என்று மானியக் குழு வைத்திருந்த அந்தப் பட்டியலே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. குப்பை இதழில் ஒருமுறை பெயர் ஏறினால் இறக்க முடியாது. பத்து ஆண்டு கழித்தும் பேராசிரியர் பணி நேர்காணலில் யாராவது அதைத் தோண்டி எடுப்பார்கள்.

பணம் கட்டுவதில் விதிவிலக்கே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. பேராசை கொண்டவர்கள் அதை வைத்துத்தான் உங்களைக் குழப்புவார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஆராய்ச்சி நிறுவனங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் ஐந்து நாள், பத்து நாள் செய்முறைப் பயிலரங்குகள் நடத்துவதுண்டு. சாப்பாடு, தங்குமிடம் என்று ஒரு தொகை கேட்பார்கள். அது நியாயம். எப்படிப் பிரித்தறிவது? பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகும். தனி ஆளின் கைப்பேசி எண்ணுக்குப் போகாது. விண்ணப்பித்தவர்களில் சிலரைத்தான் எடுப்பார்கள். ‘நாளைக்குள் கட்டினால் சலுகை’ என்று துரத்த மாட்டார்கள். கற்றுத் தருகிறவர் யார், அவர் எதில் ஆய்வு செய்கிறார் என்று அறிவிப்பிலேயே இருக்கும். வேலை பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. இது ஐந்தும் சரியாக இருந்து, தொகையும் உங்கள் கைக்கு அடக்கமாக இருந்தால் அனுப்புங்கள். அங்கே திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டைப் பிடிக்கக் கற்றுக்கொள்வாள், நாலு பேரைத் தெரிந்துகொள்வாள். ஆனால் அந்தப் பயிலரங்குக்குப் போகாததால் யாருக்கும் ஆராய்ச்சி வாய்ப்பு போனதில்லை. அதற்காகவும் நகையைத் தொடாதீர்கள்.

இனி அவள் செய்ய வேண்டியது. கையில் இருக்கும் ‘பிஎச்.டி.க்கு மட்டும்’ தகுதி வீணில்லை. ஓராண்டு செல்லும், நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இரண்டின் அறிவிப்புகளையும் பார்த்து வரட்டும். உதவித்தொகைதான் கவலை என்றால், மறுபடி ஜே.ஆர்.எஃப். எழுதட்டும். பெண்களுக்கு வயது வரம்பில் ஐந்தாண்டு தளர்வு உண்டு. 23 வயதில் பதற என்ன இருக்கிறது? பதற வைப்பது தேர்வு நடத்தும் முறைதான். அறிவியல் பாடங்களுக்கான 2024 ஜூன் நெட் தேர்வு ஜூலைக் கடைசியில் நடந்தது. அதே ஆண்டின் டிசம்பர் தேர்வை 2025 பிப்ரவரியின் கடைசி நாளில் தொடங்கினார்கள். முடிவு அதற்கும் பின்னால். அதற்குள் சேர்க்கைக் காலம் தாண்டிவிடும். காலண்டர் பார்க்கத் தெரியாதவர்கள் நாட்டின் அறிவியலை நடத்துகிறார்கள் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்கள், எழுதியாகிவிட்டது.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தனியாக ஓர் உயிரியல் நுழைவுத் தேர்வு வைக்கிறது. அதன் வழியே பெங்களூரில் அதன் உயிரியல் மையமான என்.சி.பி.எஸ்.ஸுக்குப் போகிறவர்களுக்கு நிறுவனமே உதவித்தொகை கொடுத்துவிடும். அதையும் எழுதட்டும்.

தசை என்றால் எங்கே போவது? பெங்களூரில் ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெம், ஹைதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி., நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம். விழுப்புரம், திருவண்ணாமலை வழியாகப் போனால் காலையில் கிளம்பி மதியத்துக்குள் வேலூர். இந்த இடங்களில் திட்டப் பணியாளர் வேலைக்கு அவ்வப்போது ஆள் எடுப்பார்கள். விளம்பரம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே வரும். ஓராண்டு அப்படி வேலை பார்த்தால், சம்பளத்தோடு, அந்த டிப்ளமோ பத்து ஆண்டில் கற்றுத் தராததைக் கற்றுக்கொள்வாள். ஆய்வாளர்களுக்கு நேரடியாகவும் எழுதலாம். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒருவரும் படிக்க மாட்டார், நான் படித்ததில்லை. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் புரியாத ஓரிடத்தைக் கேட்டு எழுதட்டும்.

நேர்காணலில் மதிப்பெண்ணைவிட, “நீயாகக் கண்ணால் பார்த்தது என்ன?” என்று கேட்கிறவர்கள் நாங்கள். அதற்கு ஒரு யோசனை. நெல்லிக்குப்பம் பக்கம் நாட்டுக்கோழி வைத்திருப்பவரிடம் சொல்லி, இரண்டு நாள் அடையிருந்த முட்டை ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். கூர்முனை பக்கவாட்டில் இருக்கும்படி படுக்க வைத்து, ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சினால் மஞ்சள்கரு கீழே இறங்கும். மேல் ஓட்டில் சிறு கத்தரிக்கோலால் ஒரு ஜன்னல் வெட்டினால், மஞ்சளின் மேல் கண்ணாடி நூல்போலக் கரு கிடக்கும். அதன் அடியில் ஒரு துளி கறுப்பு இந்தியன் மை செலுத்திவிட்டுக் கைலென்ஸில் பார்க்கட்டும். முதுகின் இருபுறமும் சோளமணி அடுக்கியதுபோலச் சின்னச் சின்னக் கட்டிகள் ஜோடி ஜோடியாகத் தெரியும். அவற்றுக்கு சோமைட் என்று பெயர். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி புதிதாகச் சேரும். பக்கத்திலேயே இதயம் துடித்துக்கொண்டிருக்கும். இறக்கையின் தசை முழுக்க இந்த சோமைட்டிலிருந்து புறப்பட்டுப் போனதுதான் என்று எப்படித் தெரிந்தது? பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் லெ துவாரென் 1969இல் வகுத்த வழியில், காடையின் செல்லைக் கோழிக் கருவில் ஒட்டிப் பார்த்துத்தான். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையில் கண்ட சாட்டிலைட் செல், அதாவது தசை நாரின் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்து காயம் பட்டால் விழிக்கும் ஸ்டெம் செல்லும், பெரும்பாலும் அதே சோமைட் வழி வந்ததுதான். உங்கள் மகள் இதைத் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் வரைந்து கொண்டுவந்தால், நான் அவளோடு ஒரு மணி நேரம் பேசுவேன்.

வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஏஜென்டுகளையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். கட்டணம் வாங்கும் முதுநிலைப் படிப்புக்கு அவர்களுக்குக் கமிஷன் உண்டு, உதவித்தொகையோடு வரும் பிஎச்.டி.க்குக் கிடையாது. எதைப் பரிந்துரைப்பார்கள் என்று நீங்களே யூகிக்கலாம்.

கல்யாண வயது பற்றிக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருந்தீர்கள். பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு, அதன் பிறகு வேறொரு நாட்டிலோ ஊரிலோ இன்னொருவர் ஆய்வுக்கூடத்தில் மூன்று நான்கு ஆண்டு. சொந்த ஆய்வுக்கூடம் என்று உட்கார முப்பத்தைந்தாவது ஆகும். பிஎச்.டி.யின் ஆறு ஆண்டு வரம்புக்கு மேல் பெண்களுக்குக் கூடுதல் அவகாசமும், படிப்புக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பும் விதியில் இருக்கின்றன. உதவித்தொகை மாதக் கணக்கில் தாமதமாக வருவதும் உண்டு. என் மாணவர்கள் மளிகைக் கடையில் கடன் சொல்லியிருக்கிறார்கள். எனவே அந்த ஒன்றே முக்கால் லட்சம் உங்களிடம் இருந்தால், அப்படிப்பட்ட மாதங்களுக்கு வாடகை கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் ஐயாயிரத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். ‘இன்னும் பத்தாயிரம் கட்டினால் சேர்த்துத் திருப்பித் தருகிறோம்’ என்று கட்டாயம் போன் வரும். எடுக்காதீர்கள்.